விசில் வராவிட்டாலும் தெரிய வேண்டும்: அலாரம் பேனல் எப்படி இயங்குகிறது?

பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டுக் கூடத்தில் வந்து உட்காருகிறோம். கை வேறு வேலையில் இருந்தாலும் காது அடுப்படியில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய ‘உஸ்’ கேட்கிறது, எல்லாம் சரி. பிறகு விசில், ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். ஆனால் சமையலில் பழகிய யாரையும் கேட்டுப் பாருங்கள், அவர்களை எழுந்து ஓடவைப்பது விசில் இல்லை. வரவேண்டிய நேரத்தில் விசில் வராததுதான். கேஸ்கட் விட்டிருக்கலாம், தண்ணீர் சுண்டிப் பருப்பு தீய்ந்துகொண்டிருக்கலாம், சிலிண்டரே தீர்ந்திருக்கலாம்.

வீட்டிலும் கடையிலும் வைக்கிற திருட்டு அலாரத்துக்குள் நடப்பதும் இதேதான். கோவளத்திலிருந்து திருவிடந்தை, பட்டிபுலம் வழியாக மாமல்லபுரம், அதற்கும் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே சனி ஞாயிறு மட்டும் திறக்கிற வீடுகளைப் பார்க்கலாம். மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு என்று, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற புதுக் குடியிருப்புகள். இரண்டு பக்கமும் வெளிச்சுவரில் ஒரு சைரன் பெட்டி தொங்குகிறது. வாங்கும்போது எல்லாரும் கேட்பது, “சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்?” என்பது. பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கிற கடற்கரையில், அலையிரைச்சலுக்கு நடுவே, சைரனைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பெட்டியைவிட முக்கியமான வேலை உள்ளே, ஒரு தகரப் பெட்டிக்குள் நடக்கிறது. அதைத் திறந்து பார்ப்போம்.

முதலில் சென்சார். அடுப்பில் இருக்கிற ஒவ்வொரு பாத்திரமும் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும். பால் பொங்கினால் சீறும். சாதம் அடிப்பிடித்தால் வாசனை வரும். அதற்கு மேல் பாத்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. கதவில் வைக்கிற மேக்னெட் சென்சாரும் அப்படித்தான். நிலையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருக்கும்வரை காந்தம் தகடுகளை ஒட்டவைக்கும், மின்சாரம் ஓடும். கதவு திறந்தால் தகடுகள் பிரியும், ஓட்டம் நிற்கும். திறந்தது வீட்டுக்காரரா திருடனா என்று அதற்குத் தெரியாது.

அறை மூலையில் வைக்கிற பி.ஐ.ஆர். சென்சார் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. நம் உடம்பின் சூடு அகச்சிவப்புக் கதிராக எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சென்சாருக்குள் அருகருகே இரண்டு உணரும் பரப்புகள். முன்னால் கட்டம் கட்டமாக வார்த்த பிளாஸ்டிக் லென்ஸ். ஆள் நடக்கும்போது அவருடைய சூடு ஒரு பரப்பில் விழுந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இரண்டுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் சென்சார் பார்க்கிறது. இதனால் நம் ஊரில் இரண்டு சங்கடங்கள். சித்திரை, வைகாசியில் பூட்டிய வீட்டின் சுவரே உடம்புச் சூட்டை எட்டிவிடும். ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறையக் குறைய சென்சார் மந்தமாகிறது. நல்ல சென்சார் அறையின் வெப்பத்தை அளந்து தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்ளும். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, பல்லி. லென்ஸ் மேலேயே ஊர்கிற பல்லி, பத்தடி தள்ளி நடக்கிற மனிதனைவிடப் பெரிதாகத் தெரியும். “ராத்திரியில சும்மா சும்மா அடிக்குது” என்று சலித்துக்கொண்டு அலாரத்தையே அணைத்து வைத்திருக்கிற வீடுகள் உண்டு. வயர் வருகிற துளையை சிலிகான் பசையால் அடைத்து, லென்ஸைத் துடைத்தாலே இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

எந்தச் சென்சார் எதைப் பார்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2019 அக்டோபர் 2 அதிகாலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியில் திருடர்கள் கதவைத் தொடவே இல்லை. சுவரில் துளை போட்டு உள்ளே நுழைந்தார்கள். கதவில் எத்தனை காந்தம் வைத்தாலும் சுவர்த் துளையை அது அறியாது. அதற்குச் சுவரின் அதிர்வை உணர்கிற தனிச் சென்சார் வேண்டும். மாமல்லபுரத்தில் அதை மாட்டுகிறவர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: பக்கத்தில் சிற்பக் கூடம் இருந்தால் கல் அறுக்கும் மெஷினும் உளியும் நாளெல்லாம் தரையை அதிரவைக்கும். அந்த வேலை நடக்கும் நேரத்திலேயே சென்சாரின் கூர்மையைச் சரிபார்த்து வைப்பதுதான் முறை.

இனி பேனல். அடுப்படியில் நிற்கிற ஆள் இதுதான். பாத்திரங்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, இது வழக்கமானதா, ஆபத்தா என்று முடிவு செய்கிறது. பகலில் வாசல் கதவு திறந்தால் பேசாமல் இருக்கும். கீபேடில் எண்ணை அழுத்தி ‘ஆர்ம்’ செய்துவிட்டுப் போன பிறகு அதே கதவு திறந்தால் அலாரம். நாம் வெளியேற ஒரு நிமிடம் போல அவகாசம் தரும். திரும்பி வந்தால் எண்ணை அழுத்த அரை நிமிடம் போல. ஆனால் புகை சென்சார், அவசரப் பட்டன், பேனல் பெட்டியின் மூடியைத் திறந்தால் தெரிவிக்கும் டேம்பர் ஸ்விட்ச், இந்த மூன்றும் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும். கேஸ் வாசனை வந்தால் யாரும் மணி பார்ப்பதில்லையே.

ஒவ்வொரு சென்சாருக்கும் பேனலில் ஒரு ‘ஸோன்’. பேனலிலிருந்து சென்சாருக்கு இரண்டு வயர் போகிறது. திருடன் அந்த வயரை வெட்டினால்? ஓட்டம் நிற்கும், கதவு திறந்ததாகவே பேனல் எடுத்துக்கொள்ளும், நல்லதுதான். ஆனால் விவரம் தெரிந்தவன் வெட்ட மாட்டான். இரண்டு வயரையும் சீவி ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிடுவான். அப்போது கதவு திறந்தாலும் மின்சாரம் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும், பேனல் ஏமாந்துபோகும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி, விலையில் ஒன்றுமே இல்லாத ஒரு சின்ன ரெசிஸ்டர். அதைச் சென்சார் பக்கத்துக் கடைக்கோடியில் சேர்ப்பார்கள். சில பேனல்களில் அது 5,600 ஓம். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இப்போது பேனலுக்கு மூன்று நிலைகள் தெரியும். 5,600 ஓம் தெரிந்தால் குக்கரின் அந்த மெல்லிய ‘உஸ்’: எல்லாம் சரி. எல்லையற்ற தடை தெரிந்தால் கதவு திறந்தது அல்லது வயர் அறுந்தது: விசில். தடையே இல்லாமல் பூஜ்யம் தெரிந்தால் யாரோ வயரைச் சேர்த்துவிட்டார்கள்: இது கேஸ்கட் விட்ட குக்கர், உடனே போய்ப் பார்க்க வேண்டும். நல்ல பேனலையும் சாதாரண மணியையும் பிரிக்கிற கோடு இந்த மூன்றாவது நிலைதான்.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சென்சாருக்குள் ரெசிஸ்டரைப் பொருத்த ஏணி ஏறி மூடியைக் கழற்ற வேண்டும். சோம்பல்பட்ட டெக்னீஷியன் அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போய்விடுவார். கதவு மூடியிருக்கும்வரை பேனல் 5,600 ஓமைப் பார்த்துத் திருப்தியாக இருக்கும். நடுவில் வயரைச் சேர்த்தால் அதற்குத் தெரியவே தெரியாது. வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே டெர்மினல்களில் வரிசையாக ரெசிஸ்டர்கள் தொங்கினால், இன்னும் வயர் இழுக்காத வெற்று ஸோன்களில் தவிர வேறெங்கும் அவை இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றின் கதை தனி. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற தகடுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வயரை முறுக்கிய இடத்திலும் டெர்மினல் திருகிலும் செம்பு களிம்பேறுகிறது. களிம்பு ஏற ஏறத் தடை கூடுகிறது, 5,600 மெல்ல நகர்ந்து, ஈரமான ஓர் இரவில் எல்லையைத் தாண்டும், அலாரம் அடிக்கும். காரணம் தெரியாமல் சென்சாரை மாற்றுவார்கள், பேனலை மாற்றுவார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில் ஒவ்வொரு இணைப்பையும் ஈயப்பற்று வைத்து மூட வேண்டும், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வயர் இல்லாத சென்சாரில் இந்தத் தொல்லை குறைவு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்திருக்கும் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இதற்கு ஏற்றது. ஆனால் அந்தச் சென்சார் குறித்த இடைவெளியில் “இருக்கிறேன்” என்று பேனலுக்குச் சொல்கிற வகையாக இருக்க வேண்டும். திறந்தால் மட்டும் பேசுகிற மலிவான வகையில், பேட்டரி செத்துப்போனாலும் கதவு மூடியிருப்பதாகவே பேனல் நினைத்துக்கொண்டிருக்கும்.

சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுச் சிலிண்டர் வேண்டும். பேனல் பெட்டிக்குள் இருக்கிற பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பேனலும் சென்சார்களும் சேர்ந்து 0.3 ஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 23 மணி நேரம் தாங்கும். இரண்டு மூன்று கோடையைப் பார்த்த பேட்டரியில் அதில் பாதிகூடத் தேறாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபின் சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. இந்தக் கரையில் ஒரு நாள் பேட்டரி போதாது. பேனலை வீட்டு இன்வெர்ட்டரிலும் சேர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: செய்தி அனுப்பும் கருவி. அடுப்படியிலிருந்து, “அங்கே யாராவது குக்கரை இறக்குங்க” என்று குரல் கொடுக்கிறோம். கூடத்திலிருந்து “சரிம்மா” என்று பதில் வந்தால்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுகிறோம். பேனலுக்கும், அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்கிற கண்காணிப்பு நிலையத்துக்கும் நடக்கிற உரையாடல் அச்சாக இதுதான்.

தொலைபேசி வழியாகப் பேசுகிற பேனல்களுக்கென்று அமெரிக்காவின் அடெம்கோ நிறுவனம் உருவாக்கிய ‘கான்டாக்ட் ஐடி’ என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. பேனல் நிலையத்தின் எண்ணை அழைக்கிறது. எதிர்முனை எடுத்து 1,400 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி, பிறகு 2,300 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி தருகிறது: “சொல்லு.” உடனே பேனல், போனில் பட்டன் அழுத்தினால் கேட்கிற அதே ஒலிகளில் பதினாறு இலக்கங்களை அனுப்புகிறது. உதாரணத்துக்கு இப்படி:

4127 18 1130 01 003 3

4127 வீட்டின் கணக்கு எண். 18 என்பது, இது கான்டாக்ட் ஐடி செய்தி என்ற அடையாளம். அடுத்த 1, புதிதாக நடந்த சம்பவம் என்று சொல்கிறது; நிலைமை சரியாகிவிட்டால் அங்கே 3 வரும். 130 என்றால் திருட்டு அலாரம். 01 வீட்டின் பகுதி. 003 மூன்றாவது ஸோன், பின்கட்டுக் கதவு என்று வைத்துக்கொள்வோம். கடைசி 3 சரிபார்க்கும் எண். பூஜ்யத்தைப் பத்தாக எண்ணிப் பதினாறு இலக்கங்களையும் கூட்டினால் 15-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 75. ஓர் இலக்கம் இரைச்சலில் மாறிப் போனாலும் கூட்டல் பிசகி, செய்தி கெட்டது என்று எதிர்முனைக்குத் தெரிந்துவிடும். கூட்டல் சரியாக வந்தால் மட்டும் நிலையம் மறுபடி 1,400 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி தருகிறது. அந்த “சரிம்மா” காதில் விழும்வரை பேனல் விடாது. திரும்பத் திரும்ப அனுப்பும்.

130-ஐப் போலவே மற்றவற்றுக்கும் எண் உண்டு. தீ 110. மின்சாரம் போனால் 301. பேட்டரி இறங்கினால் 302. கத்தியைக் காட்டி மிரட்டிக் கீபேடில் எண்ணை அழுத்தச் சொன்னால், அதற்கென்று வைத்திருக்கிற வேறோர் எண்ணை அழுத்தலாம். அலாரம் அணைந்தது போலவே இருக்கும், ஆனால் நிலையத்துக்கு 121 போய்ச் சேரும். இவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 602. ‘ஒன்றும் நடக்கவில்லை, நான் இருக்கிறேன்’ என்பது அதன் பொருள். நாளுக்கு ஒருமுறை, அல்லது சொல்லிவைத்த இடைவெளியில், பேனல் அதை அனுப்பிக்கொண்டே இருக்கும். வரவேண்டிய நேரத்தில் 602 வரவில்லை என்றால் நிலையத்தில் இருப்பவர் எழுந்து பார்க்க வேண்டும். இன்று இணையம் வழியாகப் பேசுகிற பேனல்கள் இதையே சில நிமிடத்துக்கு ஒருமுறை செய்கின்றன. செல்போன் அலையை அடக்குகிற ஜாமரைத் திருடன் கொண்டுவந்தாலும், “இருக்கிறேன்” நின்றுபோவதே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

சைரனைப் பற்றி மட்டும் யோசிப்பவர்கள் இந்தத் தொழிலின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1853-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். 1857-இல் அதை எட்வின் ஹோம்ஸ் வாங்கினார். வாடிக்கையாளர் கட்டிடங்களிலிருந்து ஓர் அலுவலகத்துக்குக் கம்பி இழுத்து வைத்திருந்தார்கள் ஹோம்ஸ் குடும்பத்தார். 1877-இல் பாஸ்டனில் தொலைபேசி இணைப்பகம் முதன்முதலில் முயன்று பார்க்கப்பட்டது அந்த அலாரக் கம்பிகளின் மேல்தான்.

கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தது. நம் நேரப்படி காலை 6:29-க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் ஹவாயில் இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான மையம். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியிருக்கிற கரைகளுக்குச் சேதி சொல்ல ஒரு வழியும் ஏற்படுத்தப்பட்டிருக்கவில்லை. அலை தமிழ்நாட்டுக் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சென்சார் உணர்ந்திருந்தது. கூடத்தில் கேட்க ஆள் இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள் கடல்நீர் பம்ப் ஹவுஸில் ஏறியதும் பம்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். உள்ளே உணர்கிற கருவியும் அதைக் கேட்கிற ஆளும் இணைந்திருந்தார்கள். வெளியே, அதே ஊரின் நகரியத்திலும் பக்கத்து மீனவர் குப்பங்களிலும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மனிதர்கள் உயிரிழந்தார்கள். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. ஆழ்கடலில் அது நம்பியிருக்கிற அழுத்த அளவிகள் கடல் அமைதியாக இருக்கும்போதும் குறித்த இடைவெளியில் தகவல் அனுப்புகின்றன. அதுவும் ஒரு 602-தான்.

செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரைச் சொல்லலாம். 2021 ஜனவரி 22 அன்று அங்கே முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் முகமூடிக் கும்பல் துப்பாக்கி காட்டி சுமார் 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனது. நகையோடு ஒரு ஜி.பி.எஸ். கருவியும் போனது. எந்தச் சத்தமும் போடாமல் அது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போக, மறுநாளே ஹைதராபாத் அருகே கும்பல் பிடிபட்டது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். ஒரே வழியை நம்பாதீர்கள். இணையம் ஒன்று, சிம் கார்டு ஒன்று என்று இரண்டு வழி வேண்டும். மின்சாரம் போனால் வீட்டு இணையப் பெட்டியும் அணைந்துவிடும், அதையும் இன்வெர்ட்டரில் சேருங்கள். பழைய ஜி.எஸ்.எம். பேனல்கள் 2ஜி மட்டும் அறிந்தவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பேனல் ஊமைதான். ரீசார்ஜ் செய்ய மறந்த சிம்மும் அப்படியே. கருவிகளுக்கென்றே 2018 ஜூலை முதல் பதின்மூன்று இலக்க சிம் எண்கள் தரப்படுகின்றன. கண்காணிப்பு நிறுவனம் அதைத் தானே பராமரிக்குமா என்று கேட்டுப் பெறுங்கள். வெளியூர் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிற பழைய வழக்கத்தை அலாரம் இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அவசரம் என்றால் 112.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். சைரனை அடிக்கவிட்டுச் சோதிப்பது போதாது. பேனலுக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்துங்கள். மின்வெட்டுக்குப் பழகிய பேனல்கள் அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். காத்திருந்து, செய்தி வருகிறதா என்று பாருங்கள். பிறகு இணைய வயரைக் கழற்றி, சிம் வழியாகச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக இரண்டு வழியையும் துண்டித்துவிட்டு, வேறு ஒன்றும் செய்யாமல் இருங்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் பேனல் ஊமையாகக் கிடந்தும் கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்றால், மாதாமாதம் எதற்குப் பணம் வாங்குகிறீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.